மழைக்கு முன் ஸ்டார்ட்டரை உயர்த்துங்கள்: வயரில்லா ஹேமர் டிரில் வாங்குவோர் கவனத்துக்கு

வடகிழக்குப் பருவமழை வலுத்து, ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்பட்டால், பள்ளிப்பட்டுப் பகுதியில் கொசஸ்தலை ஆறு பெருக்கெடுக்கும். தரைப்பாலங்கள் மூழ்குவதும் உண்டு. அந்த நாட்களில் ஆற்றோரம் கிணறு வைத்திருப்பவர்களின் கவலையெல்லாம் மோட்டார் கொட்டகையைப் பற்றித்தான். ஸ்டார்ட்டர் பெட்டி முழங்கால் உயரத்தில் இருந்தால், ஒரே இரவில் சேறும் தண்ணீரும் உள்ளே புகுந்துவிடும். தண்ணீர் வடிந்த பிறகு ஈரப் பெட்டியைத் தொடுவது உயிருக்கே ஆபத்து.

பெட்டியை நான்கடி மேலே மாற்றச் சுவரில் நான்கு துளை போதும். ஆனால் அந்த நான்கு துளை போட ஆள் தேடியே பருவம் போய்விடுகிறது. பைப் கிளாம்ப், சொட்டுநீர் வடிகட்டிக்கான தாங்கி, மாட்டுக் கொட்டகைத் தண்ணீர்த் தொட்டி என்று பண்ணையில் துளை போடும் வேலை ஆண்டு முழுவதும் இருக்கிறது. அதனால் பேட்டரியில் ஓடும் ஹேமர் டிரில் ஒன்றைச் சொந்தமாக வாங்கலாமா என்று பலரும் யோசிக்கிறார்கள். வாங்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏன் வயரில்லாதது?

மோட்டார் கொட்டகைக்கு வருவது மும்முனை மின்சாரம். அதுவும் குறித்த நேரத்துக்குத்தான் வரும். விவசாய இணைப்பில் வேறு கருவிகளை ஓட்டுவதும் முறையல்ல. வீட்டிலிருந்து வயரை ஒட்டுப்போட்டு, ஈர வரப்பின் மேல் இழுத்து வருகிறவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பேட்டரி டிரில் என்றால் வீட்டில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, தோளில் போட்டுக்கொண்டு போகலாம்.

ஹேமர் டிரில் எப்படி வேலை செய்கிறது?

உள்ளே பல் வெட்டிய இரண்டு தட்டுகள் எதிரெதிராக இருக்கும். நீங்கள் கருவியைச் சுவரில் அழுத்தும்போது பல்லோடு பல் உரசி, பிட் சுற்றிக்கொண்டே முன்னும் பின்னும் தட்டும். அழுத்தாவிட்டால் தட்டாது. செங்கல், சாதாரணக் கான்கிரீட் இவற்றுக்கு இது போதும்.

கருங்கல்லுக்கு இது ஆகாது. வேலிக் கல்கால், கருங்கல் சுவர், கனமான கான்கிரீட் தூண் இவற்றுக்கு ரோட்டரி ஹேமர் என்ற வேறு கருவி வேண்டும். அதில் பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று பிட்டை ஓங்கி அடிக்கும். அதற்கு எஸ்டிஎஸ் வகைப் பிட்தான் பொருந்தும். உங்கள் கொட்டகை கருங்கல் கட்டடமா என்பதை முதலில் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு நாள் வேலை என்றால் ரோட்டரி ஹேமரை வாடகைக்கு எடுப்பதே லாபம்.

கடையில் கேட்க வேண்டியவை

* வோல்டேஜ்: பண்ணை வேலைக்கு 18 வோல்ட் நல்லது. 12 வோல்ட் கருவி திருகு முடுக்கவும் மரத்தில் துளை போடவும் சரி. பெட்டியில் "20 வோல்ட் மேக்ஸ்" என்று இருந்தால் அது 18 வோல்ட்டை விடப் பெரிதல்ல. இரண்டிலும் 5 பேட்டரி செல்கள்தான். முழுச் சார்ஜில் கணக்கிட்டால் 20, சராசரியாகக் கணக்கிட்டால் 18.

* ஆம்பியர் ஹவர்: 18 வோல்ட், 2 ஆம்பியர் ஹவர் என்றால் 36 வாட் ஹவர். 4 ஆம்பியர் ஹவர் என்றால் 72. அதாவது இரு மடங்கு வேலை நேரம். பேட்டரியின் கனமும் கூடும். மின்செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். 4 ஆம்பியர் ஹவர் பேட்டரியை ஒருமுறை நிரப்பப் பத்தில் ஒரு யூனிட் அளவுதான் ஆகும்.

* பேட்டரி உண்டா?: விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்கி வந்து பெட்டியைத் திறந்தால், கருவி மட்டும் இருக்கும், பேட்டரியும் சார்ஜரும் இருக்காது. விலையில் பெரும் பங்கு அவற்றுக்குத்தான். இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜர் சேர்ந்த தொகுப்பாகக் கேளுங்கள்.

* சக்: பிட்டைப் பிடிக்கும் வாய் 13 மி.மீ. வரை திறக்க வேண்டும்.

* மோட்டார்: பிரஷ்லெஸ் மோட்டாரில் தேயும் கார்பன் இல்லை. சூடும் குறைவு, பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும். விலை கூடுதல்தான் என்றாலும் அடிக்கடி பயன்படுத்துவோருக்குக் கட்டுப்படியாகும்.

* பக்கவாட்டுக் கைப்பிடி: இது இல்லாத ஹேமர் டிரில்லை வாங்காதீர்கள்.

* பழுது பார்க்கும் இடம்: திருத்தணியோ, திருவள்ளூரோ, எல்லை தாண்டிச் சித்தூரோ, நீங்கள் போய்வரக்கூடிய ஊரில் சர்வீஸ் உண்டா என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள்.

பிட்டை மாற்றினால் கெட்டது

சுவருக்கு நுனியில் கார்பைடு பதித்த பிட். இரும்புக்கு எச்எஸ்எஸ் பிட். மரத்துக்குத் தனிப் பிட். சுவர்ப் பிட்டை இரும்பில் வைத்தால் நுனி போய்விடும். இரும்புப் பிட்டைச் சுவரில் வைத்தால் நிமிடத்தில் மழுங்கிவிடும்.

ஹேமர் குறியை சுவர் வேலைக்கு மட்டும் வையுங்கள். இரும்பு, மரம், பிவிசி மூன்றுக்கும் டிரில் குறிதான். சொட்டுநீர்க் குழாயில் கிராமெட் பொருத்தத் துளை போடும்போது ஹேமர் ஓடினால் பிவிசி விரிசல் விடும், பிறகு அந்த இடத்தில் ஒழுகிக்கொண்டே இருக்கும். துளையின் அளவை கிராமெட்டுக்கு ஏற்பக் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே காலியாக இருக்கும் ஹாலோ பிளாக் சுவரிலும் ஹேமர் வேண்டாம், உட்புறம் உடைந்து பிளக் பிடிக்காது.

இரும்பு ஆங்கிளில் துளை போடும் முன் பஞ்ச் வைத்து ஒரு புள்ளி குத்துங்கள். வேகத்தைக் குறைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

சுவரில் துளை: படிப்படியாக

முதலில் மின்சாரம். மெயினை அணைத்து, பியூஸ் கேரியரைப் பிடுங்கி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மும்முனையில் இருப்பது 415 வோல்ட். பழைய பெட்டிக்கும் வயர் பைப்புக்கும் நேர் மேலேயோ நேர் கீழேயோ துளை போடாதீர்கள். பெட்டியைக் கழற்றி மாட்டுவதையும் எர்த் இணைப்பையும் உரிமம் பெற்ற வயர்மேன் செய்யட்டும். உங்கள் பங்கு துளை மட்டுமே.

சுவர் விளிம்பிலிருந்து ஒரு சாணாவது தள்ளிக் குறியிடுங்கள். 8 மி.மீ. பிளக்குக்கு 8 மி.மீ. பிட். பிளக்கின் நீளத்தை விட ஒரு சென்டிமீட்டர் கூடுதல் ஆழம் வேண்டும். அந்த அளவில் பிட்டின் மேல் டேப் ஒட்டிவிட்டால் கண்ணுக்கு அடையாளம் தெரியும். கனமான பொருளுக்குப் பிளாஸ்டிக் பிளக் போதாது. ஆங்கர் ஃபாஸ்னர் போடுங்கள்.

கால்களை அகட்டி நின்று, இரு கைகளாலும் பிடியுங்கள். மெதுவாகத் தொடங்கி, துளை பிடித்ததும் வேகம் கூட்டுங்கள். நடுவில் இரண்டு மூன்று முறை பிட்டை வெளியே இழுத்துத் தூசியைத் தள்ளுங்கள். இது சின்ன விஷயமல்ல. 1971-ல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் பேட்டரி டிரில்லால் துளை போட்டபோது, மண்துகள் மேலே ஏற வழியில்லாமல் தண்டு சிக்கிக்கொண்டது. திட்டமிட்ட ஆழத்தை எட்ட முடியவில்லை. அடுத்த பயணத்துக்குத் தண்டின் வடிவத்தையே மாற்றினார்கள். நிலவில் நடந்ததுதான் உங்கள் சுவரிலும் நடக்கும்.

பிட் திடீரென்று சிக்கினால் கருவி உங்கள் மணிக்கட்டை முறுக்கும். திருகு முடுக்கும்போது காப்பாற்றும் கிளட்ச், ஹேமர் குறியில் வேலை செய்யாது. பக்கவாட்டுக் கைப்பிடி அதற்குத்தான். தோளில் துண்டும் தொங்கும் வேட்டி நுனியும் வேண்டாம். கண்ணாடி அணியுங்கள், மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடுங்கள். துளைத் தூசியை வாயால் ஊதாதீர்கள். சைக்கிள் பம்ப் போதும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் டிரில் வைக்கவே வேண்டாம். அந்தத் தூசியில் உள்ள இழை நுரையீரலைக் கெடுக்கும்.

பேட்டரியைக் காப்பாற்றுங்கள்

கோடையில் தமிழகத்தில் வெயில் அதிகம் பதிவாகும் ஊர்களில் திருத்தணியும் ஒன்று. லித்தியம் பேட்டரிக்கு முதல் எதிரி சூடுதான். தகரக் கொட்டகையிலும் டிராக்டர் பெட்டியிலும் அதை விட்டுவைக்காதீர்கள். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜில் போடாமல், ஆறிய பிறகு போடுங்கள். பல வாரம் எடுக்கப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில், வீட்டில் நிழலான இடத்தில் வையுங்கள். உப்பிய பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது, பிரிக்கவும் கூடாது. வீணான பேட்டரியைக் குப்பையில் எறியாமல், திரும்பப் பெறும் வசதி உண்டா என்று விற்ற கடையில் கேளுங்கள். 2022-ம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அவற்றைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருடையது.

ஐந்து பேருக்கு ஒன்று

இந்தக் கருவி பெரும்பாலான நாள் பெட்டியில்தான் கிடக்கும். அதனால் பக்கத்து நிலத்துக்காரர்கள் நான்கைந்து பேரோ, உழவர் குழுவோ சேர்ந்து ஒன்று வாங்கினால் சுமை குறையும். யார் எடுத்தார்கள், எந்த நாள் திருப்பினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். திருப்பித் தரும்போது பேட்டரி நிரம்பியிருக்க வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு வையுங்கள்.

இந்த வாரம் உங்கள் மோட்டார் கொட்டகைக்குப் போய்ச் சுவரைப் பாருங்கள். கடந்த வெள்ளம் விட்டுப்போன சேற்றுக்கோடு இன்னும் தெரியும். அதற்கு இரண்டடி மேலே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மழை தொடங்கும் முன் ஸ்டார்ட்டர் பெட்டி அந்தக் கோட்டுக்கு மேலே ஏறிவிட வேண்டும்.