ஒளியை ஆளும் விரல்கள்

நுழையும்முன்

நாடகம் காண்போர் நடிகரைக் காண்கின்றனர். அவரைக் காட்டும் ஒளியைப் பற்றி எண்ணுவதில்லை. அவ்வொளியை இயக்குபவர் பார்வையாளருக்குப் பின்னே, இருளில் அமர்ந்திருக்கிறார். அவர்முன் உள்ள ஒளிக்கட்டுப்பாட்டுப் பலகை எவ்வாறு செயல்படுகிறது? அதனை இயக்க எத்தகைய திறன் வேண்டும்? இவற்றை விளக்குகிறது இப்பாடம்.

திரியிலிருந்து கணினிக்கு

அரங்கிற்கு ஒளியமைக்கும் சிந்தனை தமிழர்க்குப் புதிதன்று. தூண்களின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்குகள் நிறுத்தப்பட்டமையைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை குறிப்பிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய அரங்குகளில் எரிவாயு விளக்குகள் எரிந்தன. அவற்றுக்குச் செல்லும் குழாய்களின் திருகுகளை ஓரிடத்தில் அமைத்து, அங்கிருந்தே ஒளியைக் கூட்டியும் குறைத்தும் வந்தனர். இன்றைய பலகையின் முன்னோடி அதுவே. 1881-இல் இலண்டன் சவாய் அரங்கில் மின்விளக்குகள் ஒளிர்ந்தன. 1975-இல் நியூயார்க்கின் பிராட்வேயில் ‘எ கோரஸ் லைன்’ நாடகத்திற்கு ஒளியமைத்த தாரன் மஸ்ஸர், ஒளிநிலைகளை நினைவில் கொள்ளும் கணினிப் பலகையைப் பயன்படுத்தினார். அதுவரை பணியாளர்கள் நெம்புகோல்களைக் கையால் நகர்த்தியே காட்சிக்குக் காட்சி ஒளியை மாற்றி வந்தனர்.

பலகை பேசும் மொழி

பலகையில் மேலும் கீழும் நகரும் விசைகள் வரிசையாக உள்ளன. இவற்றை ஃபேடர் என்பர். ஒரு ஃபேடரை மேலே நகர்த்தினால் அதனோடு இணைந்த விளக்கின் ஒளி கூடும். கீழே நகர்த்தினால் குறையும். எல்லா விளக்குகளையும் ஒருசேர ஆளும் முதன்மை ஃபேடரும் உண்டு.

பலகையின் கட்டளையை விளக்குகளுக்குக் கொண்டுசெல்லும் பொதுமொழி ‘டி.எம்.எக்ஸ். 512’ ஆகும். இது 1986-இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. ஓர் இணைப்பு வடத்தின் வழியே 512 தடங்களுக்குக் கட்டளை அனுப்பலாம். ஒவ்வொரு தடத்திற்கும் 0 முதல் 255 வரை மதிப்புண்டு. 0 என்பது இருள், 255 என்பது முழு ஒளி.

தெருவிலுள்ள வீடுகளுக்குக் கதவிலக்கம் இருப்பதுபோல, ஒவ்வொரு விளக்குக்கும் முகவரி எண் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை ஆகிய நான்கு ஒளிகளைத் தரும் எல்.இ.டி. விளக்குக்கு நான்கு தடங்கள் வேண்டும். முதல் விளக்கின் முகவரி 1 எனில், அடுத்த விளக்கின் முகவரி 5 ஆகும். இரு விளக்குகளுக்கு ஒரே முகவரி அமைந்துவிட்டால், ஒன்றை அழைக்க இரண்டும் மறுமொழி தரும்.

க்யூ என்னும் ஒளிக்குறிப்பு

ஒரு காட்சிக்குரிய விளக்குகள், அவற்றின் அளவு, மாறுவதற்கு எடுக்கும் நேரம் ஆகியவற்றைத் தொகுத்துப் பலகையில் பதிவதே ‘க்யூ’ ஆகும். ஒத்திகையில் இவை வரிசையாக எண்ணிடப்பட்டுப் பதியப்படும். நாடகத்தின்போது ‘கோ’ என்னும் பொத்தானை அழுத்தியதும் அடுத்த க்யூ செயல்படும்.

எடுத்துக்காட்டாக, அந்தி மயங்கும் காட்சி ஒன்றை எண்ணிப் பார்ப்போம். மகனின் வரவுக்காகக் காத்திருக்கும் தாய் வாசலில் நிற்கிறாள். செவ்வொளி 60 நொடிகளில் மெல்லத் தேய்ந்து நீலமாக மாற வேண்டும். பார்வையாளர் அம்மாற்றத்தை உணரவும் கூடாது. பின்னர் அவள் அகல்விளக்கை ஏற்றுகிறாள். சுடர் எழும் அதே கணத்தில் அவள் முகத்தில் பொன்னொளி படர வேண்டும். ஒளி முந்தினால் காட்சி நகைப்புக்குரியதாகும், பிந்தினால் உயிரிழக்கும். நேற்று மூன்று நொடிகளில் விளக்கேற்றிய நடிகை, இன்று ஐந்து நொடிகள் எடுக்கக்கூடும். எவ்வளவு ஒளி என்பதைப் பலகை நினைவில் வைத்திருக்கும். எப்போது என்பதை அது அறியாது. அதனை அறிந்து சொல்ல வேண்டியது மனிதரின் கண்ணும் விரலுமே.

இருளும் ஒரு பொறுப்பு

அரங்கை முழுதாக இருளாக்கும் பொத்தானும் பலகையில் உண்டு. அதனை அழுத்துவது எளிது. அழுத்தும் நேரத்தை அறிவதே அரிது. மேடையின் விளிம்பில் நடிகர் நடந்துகொண்டிருக்கும்போது திடீரென இருள் சூழ்ந்தால் அவர் தவறி விழ நேரும். எனவே, இருளில் யார் எங்கே நிற்பார், எவ்வழியே வெளியேறுவார் என்பதை ஒத்திகையிலேயே முடிவு செய்வர். படிகளின் ஓரங்களில் இருளில் ஒளிரும் ஒட்டுநாடாவும் இடுவர்.

நாடகம் தொடங்குமுன் ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியே எரியவிட்டுச் சோதித்தல், க்யூக்களைப் படியெடுத்து வைத்தல், மேடை மேலாளர் ‘ஆயத்தம்’ என்றதும் விரலைப் பொத்தான்மேல் வைத்துக் காத்திருத்தல் ஆகியன இப்பணியின் ஒழுங்குகள்.

நாடகம் முடிந்ததும் நடிகர்கள் வணங்குகின்றனர், அரங்கம் கைதட்டுகிறது. அப்போதும் ஒளி இயக்குநரின் பணி முடிவதில்லை. அரங்கின் பொதுவிளக்குகள் எரிந்து, பார்வையாளர் வழி கண்டு எழுந்த பின்னரே அவர் தம் பலகையிலிருந்து கையை எடுக்கிறார்.