முதல் கவளம்

குருவாயூரப்பனைத் தரிசிக்கச் செல்வோர் சந்நிதிக்கு அருகே மற்றொரு காட்சியையும் கண்டே திரும்புவர். பட்டுத் துண்டு சுற்றிய சிறு குழந்தை ஒன்று தந்தையின் மடியில் அமர்ந்திருக்கும். எதிரே வாழையிலை; இலையில் பகவானுக்கு நிவேதனமான சோறு. ஒரு பருக்கை நாவில் பட்டதும் குழந்தை முகத்தைச் சுளிக்கும். சில குழந்தைகள் அப்படியே வெளியே தள்ளிவிடும். சுற்றி நிற்கும் பாட்டனார், பாட்டியார் முகங்களில் அப்போது தோன்றும் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை.

மலையாள நாட்டார் இதனைச் 'சோறூண்' என்பர். வங்காளத்தில் 'முகே பாத்' என்ற பெயரில் தாய்மாமன் முதற்சோறு ஊட்டுவது வழக்கம். நேபாளத்தில் இதற்குப் 'பாஸ்னி' என்று பெயர். நம் இல்லங்களில் அன்னப்பிராசனம் என்றும், சோறூட்டு விழா என்றும் வழங்குகிறோம். குருவாயூர் செல்ல இயலாதோர் குலதெய்வத்தின் சந்நிதியிலோ, வீட்டுப் பூஜையறையிலோ இதனைச் செய்துகொள்கின்றனர்.

மனிதன் பிறப்பதற்கு முன்பே தொடங்கும் ஷோடச சம்ஸ்காரங்களுள் அன்னப்பிராசனமும் ஒன்று. குழந்தை அதுவரை தாயின் உடலிலிருந்தே உணவு பெற்றது. இனி அது மண்ணிலிருந்து, மழையிலிருந்து, உழவனின் உழைப்பிலிருந்து பெறப்போகிறது. தைத்திரீய உபநிஷதத்தில் பிருகு முனிவர் தவமியற்றி முதன்முதலாக அறிந்துகொள்வது அன்னமே பிரம்மம் என்பதுதான். பிராணனும் மனமும் அறிவும் ஆனந்தமும் அதற்குப் பின்னரே வருகின்றன. ஐப்பசிப் பௌர்ணமியில் சிவலிங்கத் திருமேனி முழுவதும் அன்னத்தால் மூடப்படுவதைக் கண்டு கண்ணீர் மல்கியவர்களுக்கு, ஒரு பருக்கைச் சோற்றை எதற்காக இத்துணை மரியாதையோடு குழந்தைக்கு அறிமுகம் செய்விக்கிறோம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆறாம் மாதம் என்ற கணக்கில் முன்னோர் நூல்கள் பலவும் ஒன்றுபடுகின்றன. கிருஹ்ய சூத்திரங்கள் அதையே கூறுகின்றன; மனு ஸ்மிருதியும் அதையே கூறுகிறது. மருத்துவ நூலாகிய சுசுருத சம்ஹிதை, ஆறாம் மாதத்தில் எளிதில் செரிக்கும் இதமான அன்னத்தைத் தர வேண்டும் என்கிறது. குழந்தை மருத்துவத்திற்கென்றே எழுந்த காசியப சம்ஹிதையோ முதலில் பழத்தையும், தானிய உணவை அதற்குப் பின்னரும் வைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இன்று கூறுவதும் இதிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. முதல் ஆறு மாதங்கள், அதாவது 180 நாட்கள், தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம். அதன்பின் இணை உணவு. அதனோடு இரண்டு வயதுவரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால்.

ஆறு மாதம் என்ற எல்லைக்குக் காரணம் உண்டு. கருவிலிருந்தபோது தாயிடமிருந்து சேமித்துக்கொண்டு வந்த இரும்புச் சத்து ஏறத்தாழ அந்த வயதில் குறையத் தொடங்குகிறது. தாய்ப்பாலில் இரும்புச் சத்து மிகச் சிறிதளவே உள்ளது. குடலும் சிறுநீரகங்களும் அப்போதுதான் பிற உணவை ஏற்கப் பக்குவமடைகின்றன. உடலின் ஆயத்தத்தையும் கண்ணால் காணலாம். பிள்ளைத்தமிழ் இலக்கியத்தை அறிந்த பெரியோர்களுக்குச் செங்கீரைப் பருவம் நினைவிருக்கும். ஐந்தாம் மாதத்திற்குரியதாக வகுக்கப்பட்ட அப்பருவத்தில் குழந்தை கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி அசைந்தாடுகிறது. கண்ணனின் செங்கீரையைப் பெரியாழ்வார் பாடி அனுபவித்தார். தலை நிமிர்ந்து நிற்க வேண்டும், சற்றே பிடித்துக்கொண்டால் உட்கார வேண்டும், பெரியவர்கள் உண்ணும்போது கண்கள் அந்தக் கையைத் தொடர வேண்டும் என்று இன்றைய மருத்துவர்கள் பார்க்கும் அறிகுறிகளின் தொடக்கம் அந்த ஆட்டத்திலேயே இருக்கிறது.

முகூர்த்தம் குறிக்கும்போது ஒரு சிறு சிக்கல் எழுவதுண்டு. ஆண் குழந்தைக்கு ஆறு, எட்டு, பத்து என்ற இரட்டைப்படை மாதங்கள். பெண் குழந்தைக்கு ஐந்து, ஏழு, ஒன்பது என்ற ஒற்றைப்படை மாதங்கள் என்பது வழக்கு. பெண் குழந்தைக்கு ஏழாம் மாதத்தைத் தேர்ந்தால் 180 நாட்கள் நிறைந்துவிடும். ஐந்தாம் மாதத்திற்கு அவசரப்பட வேண்டியதில்லை. ஆண் குழந்தையின் செய்தி வேறு. நடப்பு ஆறாம் மாதம் என்றால் ஐந்து மாதங்களே நிறைந்திருக்கும். எட்டாம் மாதம் என்றால் ஏழு மாதங்கள் நிறைந்துவிடும். எட்டாம் மாதத்தில்தான் நல்ல நாள் அமைகிறது என்பதற்காகக் குழந்தையை அதுவரை பாலோடு மட்டும் நிறுத்திவைப்பது சரியன்று. ஆறு மாதம் நிறைந்ததும் மசித்த வாழைப்பழத்திலோ, கேழ்வரகுக் கூழிலோ வீட்டில் தொடங்கிவிடலாம். அரிசிச் சோற்றை மட்டும் சந்நிதிக்கென்று வைத்துக்கொள்ளலாம். பழத்தை முதலில் வைத்த காசியபருக்கும் இது உடன்பாடாகவே இருக்கும்.

இனிக் கூறப்போவது பெரியோர் பலருக்குச் சற்று வருத்தம் தரக்கூடும். எனினும் கூறாமல் விடுவதற்கில்லை.

பிறந்த குழந்தையின் நாவில் தேனைத் தொட்டு வைத்துச் சேனை கொடுப்பது நம்மிடையே தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். ஆசுவலாயன கிருஹ்ய சூத்திரமும் அன்னப்பிராசனத்திற்குத் தயிர், தேன், நெய் மூன்றும் கலந்த அன்னத்தைக் குறிப்பிடுகிறது. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை ஒரு துளியும் தரலாகாது. தேனில் சில சமயம் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கலந்திருக்கும். பெரியவர்களின் குடலில் அவை தீங்கின்றிக் கடந்து செல்கின்றன. பச்சிளங்குழந்தையின் குடலிலோ அவை முளைத்து நஞ்சைச் சுரக்கின்றன. முதலில் மலச்சிக்கல்; பிறகு பால் உறிஞ்சும் வலிமை குறையும்; அழுகுரல் மெலியும்; கண்ணிமைகள் சரியும்; கழுத்தும் கைகால்களும் துவளும். நோய் முற்றினால் மூச்சுவிடும் தசைகளும் தளர்ந்துவிடும். வீட்டு அடுப்பில் காய்ச்சுவதால் அந்த வித்துகள் அழிவதில்லை. மலைத்தேன், கொம்புத்தேன் என்ற தூய்மையும் இதற்குக் காப்பாகாது. இத்தகைய அறிகுறிகளைக் கண்டால் கைவைத்தியம் செய்துகொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

'எங்கள் பிள்ளைகள் அனைவருக்கும் தேன் வைத்தோமே, ஒன்றும் ஆகவில்லையே' என்ற சொல் இங்கே எழுவது இயல்பு. உண்மைதான், இந்நோய் அரிதாகவே வருகிறது. ஆனால் எந்தத் தேனில் வித்து உள்ளது என்பதைக் கண்ணும் நாவும் அறிய முடியாது. வந்துவிட்டால் இழப்பது குழந்தையின் மூச்சு.

தேனை விலக்கினால் சடங்கு குறைபடுமோ என்ற ஐயத்திற்கு அந்தச் சூத்திரத்திலேயே விடை இருக்கிறது. வேண்டும் பயனுக்கேற்ப வெவ்வேறு உணவுகளை அது கூறுகிறது. தேஜஸை விரும்புவோர் நெய் கலந்த சோற்றை ஊட்டலாம் என்பது அவற்றுள் ஒன்று. ஆகவே பசுநெய் ஒரு சொட்டு கலந்து குழைத்த அன்னமே சாத்திர சம்மதமான முதற்கவளம். அதில் எவரும் குறை காண இயலாது.

கோயிலுக்கு அழைத்துச் செல்லும்போதும் இதே கவனம் வேண்டும். பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், வெல்லம், நெய்யோடு தேனும் சேர்கிறது. அபிஷேகத் தேனை அர்ச்சகர் அன்போடு கையில் ஊற்றுவார். பிரசாதத்தை மறுப்பது எப்படி என்று தயங்க வேண்டாம். குழந்தையின் பெயரால் பாட்டனார் பெற்றுக் கண்ணில் ஒற்றி உண்ணலாம். குழந்தைக்குத் திருநீறோ குங்குமமோ நெற்றியில் சிறு கீற்றாகப் போதும். பெருமாள் கோயில் தீர்த்தத்தில் பச்சைக் கற்பூரம் சேர்ப்பதுண்டு. கற்பூரம் சிறு குழந்தைகளுக்கு ஆகாது. தீர்த்தத்தைத் தலையில் தெளித்துவிடலாம். சுண்டல் கடலை, நிலக்கடலை, முழுத் திராட்சை ஆகியவை சிறு தொண்டையில் சிக்கி மூச்சை அடைக்கக்கூடியவை. அவற்றைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வைப்பது நலம். நிவேதனச் சோற்றில் ஒரு பருக்கையை நன்றாக நசுக்கி நாவில் வைத்தால் சோறூட்டு நிறைவேறிவிட்டது. இலையில் உள்ளதையெல்லாம் அன்றே ஊட்டிவிட வேண்டும் என்பதில்லை.

சடங்கு ஒரு நாளில் முடிகிறது. உணவு மறுநாள்தான் உண்மையில் தொடங்குகிறது. இங்கேதான் பாட்டிமார்களின் கைப்பக்குவம் பெரிதும் பயன்படுகிறது. பச்சரிசியும் பாசிப்பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்து, விரலால் நசுக்கி, நெய் விட்டுப் பிசைந்த சோற்றுக்கு இணையாக விலை கொடுத்து வாங்கும் எந்த டப்பா உணவையும் கூற முடியாது. கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி, அரைத்துத் துணியில் பிழிந்தெடுத்த பாலைக் காய்ச்சும் முறையும் அத்தகையதே. முளைகட்டுவதால் கூழ் அதிகம் கெட்டிப்படாமலே சத்து மிகுந்து நிற்கிறது. முளைகட்டத் தெரிந்த கை இன்று பல வீடுகளில் பாட்டியின் கை மட்டுமே.

ஒரே ஒரு வழக்கத்தைப் பாட்டிமார்கள் மாற்றிக்கொள்வது நல்லது. பருப்பை வேகவைத்து மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்து ஊட்டுவது பல இல்லங்களில் காணப்படுகிறது. அந்த நீரால் குழந்தையின் சிறு வயிறு நிறைகிறது. சத்தோ அடியில் தங்கிவிட்ட பருப்பில் இருக்கிறது. வடித்த கஞ்சியின் நிலையும் இதுவே. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகி ஓடாமல் மெல்ல இறங்கும் பதமே சரியான பதம். தொடக்கத்தில் நாளைக்கு இரண்டு அல்லது மூன்று வேளை, வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும். ஒன்பதாம் மாதத்தில் மூன்று நான்கு வேளையாக, வேளைக்கு அரைக் கிண்ணமாக உயரலாம். புதிய உணவு ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று நாட்கள் இடைவெளியில் சேர்த்தால், எது ஒவ்வவில்லை என்பது எளிதில் தெரியும்.

சைவ உணவு உண்ணும் குடும்பங்கள் இரும்புச் சத்தில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். முருங்கைக்கீரையை வேகவைத்து மசித்துப் பருப்புச் சோற்றில் கலந்து, அதில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அந்தச் சத்து உடலில் நன்கு ஏறும். ஆறு மாதம் முதல் குழந்தைகளுக்கு இரும்புச் சத்து மருந்து வழங்கும் அரசுத் திட்டமும் உள்ளது. மருத்துவரிடமோ, அங்கன்வாடியிலோ கேட்டுப் பெறலாம்.

உப்பும் சர்க்கரையும் இல்லாமல் குழந்தை எப்படி உண்ணும் என்று கேட்காத பாட்டி இல்லை. சுவை அறிந்த நாவு கேட்கும் கேள்வி அது. உப்பை அறியாத நாவுக்கு அதன் குறை தெரிவதில்லை. அந்தச் சிறு சிறுநீரகங்களுக்கு அது சுமையும்கூட. ஒரு வயது நிறையும்வரை உப்பும், இரண்டு வயதுவரை சர்க்கரையும் வெல்லமும் வேண்டாம் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. பசும்பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கொடுப்பதும் ஒரு வயதுக்குப் பின்னரே. தயிர் சிறிதளவு சேர்க்கலாம்.

இவற்றையெல்லாம் மருமகள் கைப்பேசியில் படித்துவிட்டுச் சொல்லும்போது மாமியாருக்குச் சுருக்கென்று தைக்கிறது. நான்கு பிள்ளைகளை வளர்த்தவளிடம் நேற்று வந்த பெண் கூறுவதா என்ற எண்ணம் எழுகிறது. பல வீடுகளில் குழந்தையின் கிண்ணத்தைச் சுற்றியே முதல் மனத்தாங்கல் தோன்றுகிறது. தாய் அலுவலகம் சென்றபின் பாட்டி தெரியாமல் தேன் தொட்டு வைப்பதும், மாலையில் அது வெளிப்பட்டு இருவரும் பேசாமலிருப்பதும் நடப்பதுதான். எதை விலக்குவது என்பதை மருமகள் சொல்ல, எப்படிச் சமைப்பது என்பதைப் பாட்டி செய்து காட்டும் வீட்டில் குழந்தைக்கு இருவரும் கிடைக்கிறார்கள்.

ஊட்டும் முறையிலும் பெரியோர்களின் பொறுமைக்கே வேலை அதிகம். புதிய சுவையைக் குழந்தை துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்; எட்டுப் பத்து முறை கொடுத்தபின் ஏற்றுக்கொள்வதும் உண்டு. வாயை மூடித் தலையைத் திருப்பிக்கொண்டால் அந்த வேளை முடிந்தது. மூக்கைப் பிடித்து ஊட்டுவதும், படுக்கவைத்துச் சங்கில் புகட்டுவதும் புரையேறச் செய்யும். வெள்ளிக் கிண்ணமானாலும் கொதிநீரில் கழுவ வேண்டும். ஊட்டுபவரும் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். குழந்தை கிண்ணத்தில் கைவிட்டுக் குழப்பி, தலையிலும் தரையிலும் பூசிக்கொண்டால் பூசிக்கொள்ளட்டும். அப்படிக் குழப்பிய உணவின் இனிமையை வள்ளுவர் மக்கட்பேறு அதிகாரத்தில் பேசியிருக்கிறார்.

தேன் என்றென்றைக்கும் விலக்கப்பட்டதன்று. ஆண்டு நிறைவுக்கு ஆயுஷ்ய ஹோமம் செய்து, குழந்தைக்குப் புத்தாடை உடுத்தி, பழனியிலிருந்து பஞ்சாமிர்தம் வரவழைத்து வைத்திருக்கும் வீடுகள் பல. சர்க்கரைக்கு இன்னும் ஓராண்டு பொறுத்திருக்க வேண்டியிருந்தாலும், தேனுக்கான தடை அன்றோடு நீங்கிவிடுகிறது. ஆறு மாதமாகக் காத்திருந்த தாத்தா, விரல் நுனியில் ஒரு துளி பஞ்சாமிர்தத்தைத் தொட்டு, முருகன் பெயரைச் சொல்லி, அன்று பேரனின் நாவில் வைக்கலாம்.