நாணொலி – 9: மருத்துவருக்கு வில் கற்றுக்கொடுத்தவர்

போன வாரம் இங்கிலாந்தின் நெடுவில்லோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் கலிபோர்னியா.

அமெரிக்கக் கிராமப்புறங்களில் சிலருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தாத்தா காலத்திலிருந்து குடும்பத்தின் கையில் இருக்கும் நிலத்தில், உரிமம் வாங்கிக்கொண்டு, கப்பி வைத்த நவீன வில்லைத் தொடாமல், பழைய மாதிரி மரவில்லால் தன் முதல் மானை அடிக்க வேண்டும். துப்பாக்கிக்காரன் இருநூறு கஜத்தில் முடித்துவிடும் காரியத்துக்கு இவர்கள் இருபது கஜம்வரை நெருங்கியாக வேண்டும். (நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். படிப்பதோடு நிறுத்திக்கொள்வோம்.) இந்தப் பிடிவாதத்தின் முக்கியமான வேர் ஒன்று, குடும்ப நிலம் முழுவதையும் பறிகொடுத்த ஒரு மனிதரிடம் போய் நிற்கிறது.

1911 ஆகஸ்ட் கடைசியில், ஓரோவில் என்ற ஊரில் ஆடுமாடு அறுக்கும் கொட்டடி ஓரமாக, பட்டினியால் துவண்ட ஒருவரைப் பிடித்தார்கள். யாகி இனத்தில் எஞ்சியிருந்த கடைசி ஆள் அவர். லாசென் மலைக்குத் தெற்கே மில் கிரீக், டீர் கிரீக் என்ற இரண்டு ஓடைகளின் பள்ளத்தாக்குகள்தான் அவர்களுடைய பூமி. 1848-ல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த பிறகு வந்து குவிந்த குடியேறிகள் அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். தப்பியவர்கள் பல பத்தாண்டுகள் ஒளிந்தே வாழ்ந்தார்கள். 1908-ல் நில அளவைக்காக வந்தவர்கள் அந்தக் கடைசிக் குடிசைகளையும் கண்டுபிடித்தார்கள். எழுந்து நடக்க முடியாத ஒரு கிழவி மட்டும் உள்ளே படுத்திருந்தாள். அங்கிருந்த வில், அம்பு, தோல் போர்வை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார்கள். அந்தக் கிழவி இவருடைய தாய்.

தன் பெயரை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. மானுடவியலாளர் ஆல்பிரட் குரோபர் வைத்த பெயர்தான் இஷி. சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலேயே அவருக்குத் தங்க இடம் கொடுத்தார்கள். பக்கத்து மருத்துவக் கல்லூரியில் சாக்ஸ்டன் போப் என்று ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர் இருந்தார். நோயாளியாக வந்த இஷியிடம் அவர் வில் கற்கத் தொடங்கினார்.

இஷியின் வில் மலை ஜூனிப்பர் மரத்தில் செய்த குட்டை வில். முதுகில் மான் நரம்பை ஒட்டியிருப்பார். நாணும் மான் நரம்புதான். அம்புக்கு ஹேசல் குச்சி. அதைத் தணலில் காட்டி நேராக்குவார். முனைக்கு எரிமலைக் கண்ணாடிக்கல், அதைச் செதுக்க மான் கொம்பு. ஆக, மான் கிடைத்தால்தான் வில், வில் இருந்தால்தான் மான். வில்லை யாரும் தாண்டக் கூடாது, குழந்தைகள் தொடக் கூடாது என்ற கட்டுப்பாடெல்லாம் அவரிடம் இருந்தது. அதற்கு உறை, மலைச்சிங்கத்தின் வால் தோல்.

நாண் இழுக்கும் விதம்தான் போப்புக்குப் புதிது. இங்கிலாந்துக்காரர்கள் மூன்று விரலால் இழுப்பார்கள். இஷி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வில்லைச் சாய்த்துப் பிடித்து, கட்டைவிரலை நாணுக்கு அடியில் மடக்கி, நடுவிரல் நுனியை நகத்தின் மேல் அழுத்திக்கொண்டு இழுப்பார். ஏகலைவனிடம் துரோணர் ஏன் அந்த விரலைக் கேட்டார் என்று சந்தேகம் உள்ளவர்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

பலகை வைத்த எட்ட இலக்கில் இஷி அப்படியொன்றும் கெட்டிக்காரர் இல்லை. நகரத்து வில்லாளிகள் சுலபமாக அவரை ஜெயித்துவிடுவார்கள். காட்டில் கதையே வேறு. வேட்டைக்கு முந்தின நாள் மீன் தொடமாட்டார், புகை பிடிக்கமாட்டார். விடியலில் ஓடையில் குளித்து, வாசனைத் தழையை உடம்பில் தேய்த்துக்கொள்வார். மடித்த இலையை உதட்டில் வைத்து உறிஞ்சினால் மான் குட்டி கத்துவது போலவே இருக்கும். பஞ்சடைத்த மான் தலையைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு புதருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பார். என்னவோ ஏதோ என்று மானே நெருங்கி வரும்.

இவ்வளவு பாடு எதற்கு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மரவில்லின் அம்பு விநாடிக்கு ஏறக்குறைய 50 மீட்டர் போகும். நாண் அதிரும் சத்தம் போவது 340 மீட்டர். இருபது கஜத்தில் நிற்கும் மானுக்கு, அம்பு வருவதற்குக் கால் விநாடிக்கும் மேல் முன்னதாகவே சத்தம் எட்டிவிடும். மிரண்ட மான் பாய்வதற்காக முதலில் காலை மடக்கி உடம்பைத் தாழ்த்தும். அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். நாற்பது கஜம் என்றால் மானுக்குக் கிடைக்கும் அவகாசம் இரட்டிப்பாகிவிடும். பட்டாலும் வேலை முடிந்தது என்று இல்லை. அம்பு அறுத்துக் கொல்வது. இரண்டு நுரையீரலையும் துளைத்தாலும் மான் கொஞ்ச தூரம் ஓடித்தான் விழும். பின்னாலேயே ஓடினால் கெட்டது. அரைமணி நேரமாவது இருந்த இடத்திலேயே அசையாமல் இருந்துவிட்டு, இலைகளில் தெறித்த ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். நுரையோடு வெளிர்சிவப்பாக இருந்தால் நுரையீரல். கருஞ்சிவப்பாக இருந்தால் கல்லீரல்; அப்போது பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். குடும்ப நிலத்தில் வேட்டையாடுகிறவனுக்கு உள்ள வசதி இங்கேதான். எந்த மேட்டில் விடியற்காற்று எப்படித் திரும்பும், மிரண்ட மான் எந்தப் பள்ளத்தில் இறங்கும் என்று அவனுக்குத் தெரியும்.

இஷிக்கு அப்படித் தெரிந்த இடம் டீர் கிரீக். 1914 மே மாதம் குரோபர், அவருடைய சகா வாட்டர்மன், போப், போப்பின் மகன் எல்லோரும் அவரை அங்கே அழைத்துப் போனார்கள். அவருக்கு முதலில் விருப்பமில்லை. செத்தவர்கள் இருக்கும் இடத்துக்கு உல்லாசமாகக் கிளம்ப யாருக்கு மனசு வரும்? போன பிறகு இளகினார். ஓடையில் நீந்தினார், ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் சொன்னார், வில்லோடு பதுங்கும் விதத்தைச் செய்து காட்டினார்.

இப்படி எத்தனையோ முறை இஷி தன்னை மான் வேட்டைக்குக் கூட்டிப்போயிருக்கிறார் என்று போப் எழுதியிருக்கிறார். அம்பும் விட்டிருக்கிறார்கள். ஒரு மான்கூட விழவில்லை. அதற்கு அவர் சொல்லும் காரணம் நேர்மையானது: கூடவே ஒரு கற்றுக்குட்டி, அந்தக் கற்றுக்குட்டிக்கோ எப்போதும் ஊர் திரும்பும் அவசரம்.

1916 மார்ச் 25-ல் இஷி காசநோயால் இறந்தார். போப் விடவில்லை. ஆர்தர் யங் என்ற நண்பரோடு சேர்ந்து மான், கரடி என்று வில்லாலேயே வேட்டையாடினார். 1923-ல் வந்த அவருடைய புத்தகம் அமெரிக்காவில் வில்வேட்டைக்கு மறுபடி உயிர்கொடுத்தது. 1961-ல் தொடங்கிய வில்வேட்டைச் சங்கத்துக்கு இந்த இருவர் பெயரைத்தான் வைத்தார்கள். வில்லால் வீழ்த்திய விலங்குகளின் கொம்பை அங்குலக் கணக்கில் அளந்து பதிவுசெய்வது அதன் வேலை. அபூர்வமான கொம்புக்கு அது தரும் உயரிய விருது, இஷி விருது.

இஷி கொம்பை அளந்தவர் அல்ல. அம்புமுனை செதுக்கத்தான் அவருக்கு அது வேண்டியிருந்தது. பெரிய கொம்புக்குத் தரும் பரிசில் அவர் பெயரை ஒட்டியது எனக்குச் சரியாகப் படவில்லை.

(தொடரும்)