உஷார்! கம்ப்யூட்டர் காட்டும் எடையை நம்பிக் கல்லைத் தூக்காதீர்கள்

மாமல்லபுரம் சிற்பக்கூடங்களில் உளி பிடிப்பவர்களே, அவர்களிடம் சிலைக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கும் கோயில் கமிட்டிக்காரர்களே, இதைப் படித்துவிட்டு ஹைட்ரா கிரேன்காரருக்கு போன் போடுங்கள்.

திரையில் சிலை சுழல்கிறது. ஒரு பட்டனைத் தட்டினால் கன அளவு வருகிறது, அதன் கீழேயே எடையும் வருகிறது: 1,500 கிலோ. "ரெண்டு டன் பெல்ட் போதும்ணே" என்கிறான் லேப்டாப் வைத்திருக்கும் பையன். அந்தச் சிலை உண்மையில் கிட்டத்தட்ட நாலு டன்!

சாலிட்வொர்க்ஸ் என்ற வடிவமைப்பு மென்பொருளில் உருவம் எந்தப் பொருளால் ஆனது என்று நீங்கள் சொல்லாவிட்டால், கன மீட்டருக்கு 1,000 கிலோ என்று அதுவாகவே வைத்துக்கொள்ளும். அது தண்ணீரின் அடர்த்தி. ஆட்டோகேடில் 'மாஸ்பிராப்' கட்டளை கொடுத்தால் அடர்த்தி ஒன்று என்றே கணக்கு. கன அளவுக்கு வரும் எண்தான் எடைக்கும் வரும். கருங்கல்லோ கன மீட்டருக்கு 2,600 முதல் 2,700 கிலோ வரை இருக்கும். கன அடியில் சொன்னால் ஏறத்தாழ 75 கிலோ. திரையில் இருப்பது கல் என்று யாரும் சொல்லாதவரை மென்பொருளுக்கு அது தண்ணீரால் ஆன பிள்ளையார்தான்.

இந்தத் தவறையாவது அனுபவமுள்ள ஸ்தபதி ஒருவர் எண்ணைக் கேட்டதுமே பிடித்துவிடுவார். கன அளவே தப்பாக வந்தால்? அதுதான் ஆபத்து.

பழைய சிலையை ஸ்கேன் செய்து அதே மாதிரி புதிதாகச் செதுக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சிலை தரையில் உட்கார்ந்திருக்கும்போது ஸ்கேன் எடுக்கிறார்கள். பீடத்தின் அடிப்பக்கம் ஸ்கேனருக்குத் தெரியாது. ஃபைலில் அந்த இடம் திறந்தே கிடக்கும். மேலிருந்து பார்க்கும்போது முழுச் சிலையாகத் தெரிவதால் யாரும் குனிந்து அடியைப் பார்ப்பதில்லை. ஸ்கேன் உருவம் என்பது ஆயிரக்கணக்கான சின்ன முக்கோணங்களால் ஆன தோல். ஒவ்வொரு முக்கோணத்தையும் திரையின் பூஜ்யப் புள்ளியோடு இணைத்து, வரும் கூம்புகளைக் கூட்டிக் கழித்துத்தான் மென்பொருள் கன அளவைச் சொல்கிறது. தோல் முழுசாக மூடியிருந்தால் கணக்கு சரியாக வரும். ஓட்டை இருந்தால் சிலை பூஜ்யப் புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். மெஷ்லேப் போன்ற சில மென்பொருள்கள் உருவம் மூடப்படவில்லை, கன அளவு சொல்ல முடியாது என்று மறுத்துவிடும். வேறு சில, கேட்ட மாத்திரத்தில் ஏதோ ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். என்னைக் கேட்டால் மறுப்பதுதான் நல்ல மென்பொருள்.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. கன அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். சிலையைத் திரையில் மேலும் பக்கவாட்டிலும் பத்து மீட்டர் நகர்த்துங்கள். திரும்பவும் கன அளவு கேளுங்கள். எண் மாறினால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த ஃபைலை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

ஓட்டை இல்லாமலேயும் ஏமாறலாம். கம்ப்யூட்டரிலேயே உருவம் செய்பவர்கள் கிரீடம், கை, தாமரைப் பீடம் எல்லாவற்றையும் தனித்தனியாகச் செய்து ஒன்றுக்குள் ஒன்று செருகி வைப்பார்கள். ஒன்றாகச் சேர்க்காமல் கணக்குப் போட்டால், செருகிய பகுதி இரண்டு தடவை எண்ணப்படும். எடை கூடுதலாகக் காட்டினால் தூக்கும்போது ஆபத்தில்லை, பணம்தான் போகும்.

அடுத்து அலகு. இந்த முக்கோண உருவங்களைச் சேமிக்கும் எஸ்டிஎல் ஃபைலில் அளவு மில்லிமீட்டரா அங்குலமா என்ற தகவலே கிடையாது. அங்குலத்தில் செய்ததை மில்லிமீட்டராகத் திறந்தால் கன அளவு 16,387-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இவ்வளவு பெரிய தப்பு உடனே கண்ணில் பட்டுவிடும் என்பதால் எனக்கு அதில் பெரிய பயமில்லை. முப்பது நாற்பது சதவீதம் குறைத்துக் காட்டும் தப்புதான் யார் கண்ணிலும் படாமல் கிரேன்வரை வந்து சேரும்.

பெரிதாக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். ஒன்றரை அடிச் சிலை 60 கிலோ. அதையே ஆறடியாக்கினால் 240 கிலோ இல்லை. உயரம், அகலம், கனம் மூன்றும் நாலு மடங்கு ஆவதால் எடை 64 மடங்கு: 3,840 கிலோ. பழைய எடையை யாராவது கையால் தட்டி வைத்திருந்தால், உருவம் பெருத்த பிறகும் சாலிட்வொர்க்ஸ் அந்தப் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

சிலைக்குள் வெற்றிடம் இருந்தாலும் கணக்கு தவறும். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியின் முதல்வராக இருந்த வை. கணபதி ஸ்தபதி வடிவமைத்த கன்னியாகுமரி வள்ளுவர் சிலை 133 அடி. 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. சுமார் 7,000 டன் கல். உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டியது அது. வெளி உருவத்தை மட்டும் வைத்து அதன் எடையைக் கணக்கிட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

திரையை மட்டும் நம்பாமல் மனக்கணக்கும் போட்டுப் பார்க்கப் பழகவேண்டுமானால், மாமல்லபுரத்திலேயே இருக்கிறது கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்ற பாறை. உயரம் சுமார் 6 மீட்டர், அகலம் 5 மீட்டர், தடிமனும் அதே அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று அளவையும் பெருக்கி அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே எடுத்தால் 78 கன மீட்டர், 2.65-ஆல் பெருக்கினால் 200 டன்னைத் தாண்டுகிறது. வழக்கமாகச் சொல்லும் எடை 250 டன். தோராயக் கணக்குக்கு இந்த நெருக்கம் போதும். 1908-இல் சென்னை கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அது அசையவில்லை என்பார்கள். இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் யானைகளுக்காவது சிரமம் மிச்சமாகியிருக்கும்.

உங்கள் கல்லின் அடர்த்தி தெரியவேண்டுமா? அதே கல்லில் ஒரு சில்லைத் தராசில் தொங்கவிட்டு நிறுங்கள். பிறகு பக்கெட் தண்ணீரில் முழுக முக்கி நிறுங்கள். முதல் எடையை, தண்ணீரில் எவ்வளவு எடை குறைந்ததோ அந்த அளவால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

இன்னொன்று. முதலில் தூக்குவது சிலையை அல்ல, செதுக்காத பாளத்தை. ஆறடிக்கு மூன்றடிக்கு இரண்டரையடி என்றால் 45 கன அடி, 3,375 கிலோ. திரையில் தெரியும் முடிந்த சிலையின் எடைக்கு ஹைட்ரா சொன்னால் முதல் நாளே சிக்கல். 12 டன் ஹைட்ரா என்பதும் பூமை நீட்டாதவரைதான்; நீட்ட நீட்டத் தூக்கும் சக்தி குறையும்.

வெளிநாட்டுக்கு அனுப்புபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2016 ஜூலை 1 முதல், சரக்கு ஏற்றிய கன்டெய்னரின் எடையைச் சரிபார்த்துச் சொன்ன பிறகே கப்பலில் ஏற்றவேண்டும் என்பது சர்வதேச விதி. நிறுத்துப் பார்த்த எடைதான் செல்லும். கம்ப்யூட்டர் மதிப்பீடு செல்லாது.

கல் ஏற்றி வரும் லாரியை எடைமேடையில் ஏற்றி, காலி லாரியின் எடையைக் கழித்துச் சீட்டு வாங்குங்கள். அந்தச் சீட்டைக் கிரேன் ஆபரேட்டர் கையில் கொடுத்த பிறகு பெல்ட் போடச் சொல்லுங்கள். கல் தரையைவிட்டு எழும்பிவிட்டால், கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் ஒருவரையும் கீழே நிற்க விடாதீர்கள்.