புளியரையிலும் பழைய குற்றாலத்திலும் கற்க வேண்டியது

2024 பிப்ரவரி 25, நள்ளிரவு தாண்டிய நேரம். கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி நோக்கி வந்த லாரி ஒன்று, தென்காசி மாவட்டப் புளியரையின் எஸ் வளைவில் கட்டுப்பாட்டை இழந்து, கீழே செல்லும் செங்கோட்டை–கொல்லம் ரயில் பாதையில் விழுந்தது. ஓட்டுநர் உயிரிழந்தார். அருகில் குடியிருந்த வயதான தம்பதி சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தால், தண்டவாளத்தின் மேல் லாரி கிடக்கிறது. டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்; வெளிச்சத்தை ஆட்டிக்காட்டி, எதிரே வந்த ரயிலை நிறுத்தினார்கள். அந்தத் தம்பதிக்கு முதலமைச்சர் ஐந்து லட்சம் ரூபாய் பரிசளித்தார். எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆனால் அந்த இரவில் விழுந்த லாரி தனியாருடையது. சாலை தேசிய நெடுஞ்சாலை. தண்டவாளம் தெற்கு ரயில்வேயினுடையது. சாலையில் நடந்த விபத்து ரயில் ஓட்டுநருக்குத் தெரிய வந்தது, இரண்டு முதியவர்கள் விழித்துக்கொண்டதால்தான். அவர்கள் அசந்து தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மின்சாரம், குடிநீர், சாலை, ரயில், தொலைத்தொடர்பு, மருத்துவமனை ஆகியவற்றில் ஒன்று நின்றால் ஊரே நிற்கும். இவற்றைத்தான் முக்கியக் கட்டமைப்பு என்கிறோம். இவை எல்லாம் அரசுடையவை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இன்னும் இருக்கிறது. தென்காசி மாவட்டத்தையே பாருங்கள். செல்போன் டவர்களில் பெரும்பகுதி தனியார் கையில். சுரண்டை, ஆலங்குளம் பக்கம் சுழலும் காற்றாலைகள் பெரும்பாலும் தனியாருடையவை. அவை தரும் மின்சாரமோ அரசு மின் நிறுவனத்தின் துணை மின்நிலையம் வழியாகத்தான் ஊருக்கு வர வேண்டும். அரசும் தனியாரும் ஒருவரை ஒருவர் நம்பித்தான் இருக்கிறார்கள். ஆபத்து நேரத்தில் யார் யாரை அழைப்பது என்று மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது குறைவு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழை இதை நன்றாகக் காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தில் சிக்கியது. பல ஊர்களில் கரண்ட் போனது, பின்னாலேயே போனும் போனது. கரண்ட் இல்லாவிட்டால் டவர் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும். அதற்குப் பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். டீசல் வண்டி போகச் சாலை வேண்டும். சாலையில் விழுந்த மரத்தை அகற்ற ஆள் வேண்டும், அந்த ஆளைக் கூப்பிடப் போன் வேண்டும். குடிநீர் மோட்டாரும் இதே கரண்டில்தான் ஓடுகிறது.

குற்றாலத்தில் ஆபத்து இன்னும் வேகமாக வரும். மேலே காட்டுக்குள் மழை கொட்டும், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்று உயிரைப் பறித்தது. இந்த மாதிரி இடத்தில் எச்சரிக்கைக்குக் கிடைப்பது நிமிடக் கணக்கு. மலைமேல் வனத்துறைக்குத் தெரிவது அருவிக்கரையில் நிற்கும் காவலருக்கு உடனே வர வேண்டும். அது தனியார் நிறுவனங்களின் டவர் வழியாக அங்கே நிற்பவர்களின் செல்போனுக்கும் வர வேண்டும். ஒரு குறிப்பிட்ட பகுதியில் உள்ள எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் அலறும் செல் பிராட்காஸ்ட் முறையை 2023இல் நாடு முழுக்கச் சோதித்துப் பார்த்தார்கள். நம் கையிலும் வந்து ஒலித்ததே, அதுதான். தொழில்நுட்பம் இருக்கிறது. அருவியில் கூட்டம் நிற்கும்போது அதை ஒலிக்கச் செய்யும் ஏற்பாடுதான் வேண்டும்.

சட்டம் இதற்கு இடம் தருகிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆட்சியர் தலைமையில் ஓர் ஆணையம் உண்டு. 65ஆம் பிரிவின்படி ஆபத்து நேரத்தில் தனியார் வாகனத்தையும் கட்டடத்தையும் அந்த ஆணையம் எடுத்துப் பயன்படுத்தலாம். 66ஆம் பிரிவின்படி உரியவருக்கு இழப்பீடு தர வேண்டும். ஆனால் வெள்ளம் வந்த பிறகு வண்டியைக் கேட்டு வாங்குவது ஒத்துழைப்பு ஆகாது. ஆணைய உறுப்பினர்கள் என்று சட்டம் சொல்லும் பட்டியலில் தனியார் நிறுவனங்களுக்கு இடம் இல்லை. அதற்கு வழி 28ஆம் பிரிவில் இருக்கிறது: ஆணையம் ஆலோசனைக் குழுக்களை அமைத்துக்கொள்ளலாம். தொலைத்தொடர்பு நிறுவனம், காற்றாலை, தனியார் மருத்துவமனை, பெட்ரோல் பங்க், ரயில்வே, வனத்துறை, மின் நிறுவனம் ஆகியவற்றின் ஆட்களை ஒரே மேசையில் உட்கார வைக்க இதுவே போதும். குற்றாலச் சாரல் காலம் தொடங்கும் முன்பு ஒரு முறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஒரு முறை கூடினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

கணினி வழி வரும் ஆபத்துக்கும் இதே கதைதான். 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினியில் தீம்பொருள் நுழைந்தது. அக்டோபர் இறுதியில் அணுமின் தரப்பினர் முதலில் மறுத்தார்கள், மறுநாளே ஒப்புக்கொண்டார்கள். உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு தனி என்பதால் அதற்குப் பாதிப்பில்லை என்று விளக்கம் வந்தது. மறைப்பதால் பாதுகாப்பு கூடுவதில்லை. 2022 ஏப்ரலில் இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, இணையத் தாக்குதல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அரசு, தனியார் யாராக இருந்தாலும் தகவல் சொல்லியாக வேண்டும்.

இனி நமக்குள்ள உரிமைகள். கரண்ட் நின்று, புகார் கொடுத்தும் வரவில்லையா? மின்சாரச் சட்டம், 2003இன் 57ஆம் பிரிவு இழப்பீடு கேட்கும் உரிமை தருகிறது. முதலில் மின் நிறுவனத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகாரைப் பதிந்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். பின்னால் புகார் கொடுத்ததைக் காட்ட அந்த எண் உதவும். அடுத்தது நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேல் மின்குறை தீர்ப்பாளர். போன் சேவை மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் கட்டணச் சலுகை உண்டு என்கின்றன தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024ஆம் ஆண்டு விதிகள். ஆனால் இயற்கைச் சீற்றம் காரணமென்றால் அந்தச் சலுகை கிடையாது. நம் மாவட்டத்தில் போன் பெரும்பாலும் எப்போது நிற்கிறது என்று யோசித்தால், இந்த விலக்கு எவ்வளவு அநியாயம் என்று புரியும்.

நமக்குக் கடமையும் உண்டு. வீட்டு முன்னால் ஜேசிபி வைத்துத் தோண்டும் முன், கீழே கேபிளோ குழாயோ போகிறதா என்று கேட்க 2023 மார்ச் 22 முதல் ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலி இருக்கிறது. குடிநீர், மின்சாரப் பொதுச்சொத்தைச் சேதப்படுத்தினால், 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை.

தண்டவாளத்தில் ஏதாவது கிடந்தால் 139 அல்லது 112. வெள்ளம், மண்சரிவு என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. இணைய மோசடி என்றால் 1930. இந்த எண்களைப் போனில் ஏற்றி வையுங்கள், வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். மாவட்டப் பேரிடர் திட்டத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதில் உங்கள் ஊர் டவர், மருத்துவமனை, பெட்ரோல் பங்க் பெயர்கள் இல்லையென்றால், அடுத்த கிராமசபையில் எழுந்து நின்று 28ஆம் பிரிவுக் குழுவைக் கேட்டுத் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.