செயற்கைக்கோள் காட்சி முன்கணிப்பு நிரல்கள்

செயற்கைக்கோள் காட்சி முன்கணிப்பு நிரல்கள் என்பவை, குறிப்பிட்ட ஓர் ஊரிலிருந்து ஒரு செயற்கைக்கோள் எந்நாளில், எத்தனை மணிக்கு, வானின் எத்திசையில் தென்படும் என்பதைக் கணிக்கும் கணினி நிரல்கள் ஆகும். கோள்களின் இருப்பிடம், கிரகணம் முதலியவற்றைக் கணிக்கும் வானியல் நிரல்களுடன் இவை நெருங்கிய தொடர்புடையவை. 1957இல் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்ட காலத்தில் இவ்வகைக் கணிப்பு பெருங்கணினிகளில் தொடங்கியது. 1980களில் தனிமேசைக் கணினிகளுக்கு வந்து சேர்ந்தது. முன்கணிப்பின் துல்லியம் நிரலின் நுட்பத்தை மட்டுமன்றி, அதற்குக் கொடுக்கப்படும் தரவு எவ்வளவு புதியது என்பதையும் பொறுத்தது.

காண்பதற்கான நிபந்தனைகள்

செயற்கைக்கோள் தானாக ஒளிர்வதில்லை. அதன்மீது படும் சூரிய ஒளியே நமக்குத் தெரிகிறது. எனவே வெறும் கண்ணால் காண மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்.

1. செயற்கைக்கோள் காண்பவரின் அடிவானத்துக்கு மேலே இருக்க வேண்டும்.
2. காண்பவரின் வானம் இருண்டிருக்க வேண்டும்.
3. செயற்கைக்கோள் புவியின் நிழலுக்குள் புகாமல் இருக்க வேண்டும்.

திருப்பூர் மாவட்டத்தின் அவிநாசி வட்டத்தில் உள்ள சேவூரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இவ்வூர் ஏறத்தாழ 11¼ பாகை வட அகலாங்கில் உள்ளது. இங்கு சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக மறைவதால் அந்தி விரைவில் முடிகிறது. மறைந்து சுமார் 25 நிமிடங்களில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகை சென்றுவிடும். வானம் இருளத் தொடங்கும். சுமார் 80 நிமிடங்களில் அது 20 பாகை கீழே சென்றுவிடும். அப்போது தலைக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோளும் புவியின் நிழலுக்குள் புகுந்துவிடும். ஆகவே உச்சி வானில் அதைக் காணக் கிடைப்பது மாலையில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இடைவெளியே. விடியலுக்கு முன்பும் இதே அளவு இடைவெளி உண்டு. மாறாக, இலண்டனில் சூன் மாத இறுதியில் நள்ளிரவிலும் சூரியன் 15 பாகை அளவே கீழிறங்குவதால், இதே உயரத்தில் உள்ள செயற்கைக்கோளை இரவு முழுவதும் காண வாய்ப்புண்டு. தமிழகம் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் முன்கணிப்பு இல்லாமல் தற்செயலாகக் காணும் வாய்ப்பு குறைவு என்பதற்கு இதுவே காரணம்.

கணிக்கும் முறை

பெரும்பாலான நிரல்கள் பின்வரும் படிகளைப் பின்பற்றுகின்றன.

1. சுற்றுப்பாதைத் தரவு அளக்கப்பட்ட நேரத்திலிருந்து எவ்வளவு காலம் கடந்துள்ளது என்பதைக் கண்டறிதல். இந்திய நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடங்களைக் கழித்து உலக நேரமாக மாற்றிக்கொள்ள வேண்டும்.
2. கெப்ளர் சமன்பாட்டைத் தீர்த்து, நீள்வட்டப் பாதையில் செயற்கைக்கோள் இருக்கும் இடத்தைக் காணுதல். இச்சமன்பாட்டுக்கு நேரடி விடை கிடையாது. மீண்டும் மீண்டும் கணித்து விடையை நெருங்க வேண்டும். இவ்வேலை கணினிக்கு மிகவும் ஏற்றது.
3. புவி நடுவில் பருத்திருப்பதால் சுற்றுப்பாதைத் தளம் மெல்லத் திரும்புவதையும், வளிமண்டல உராய்வையும் கணக்கில் சேர்த்தல்.
4. புவியின் சுழற்சியைக் கொண்டு, அந்நேரத்தில் காண்பவர் விண்வெளியில் இருக்கும் இடத்தைக் காணுதல்.
5. இவ்விரு இடங்களிலிருந்தும் திசைக்கோணம், உயரக்கோணம் ஆகியவற்றைப் பெறுதல். பிறகு சூரியனின் இருப்பையும் புவி நிழலையும் சோதித்தல்.

செயற்கைக்கோள் ஒரு சுற்று முடிக்க எடுக்கும் சுமார் 92 நிமிடங்களில் புவி 23 பாகை சுழன்றுவிடும். எனவே சேவூருக்கு மேலே கடந்த செயற்கைக்கோள், அடுத்த சுற்றில் அதே அகலாங்கை ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் மேற்கே கடக்கும்.

வரலாறு

கணினிக்கு முந்தைய முறைகள்

மனப்பாடமான எண்களையும் வகுக்கப்பட்ட படிமுறையையும் கொண்டு வான்நிகழ்வுகளைக் கணிப்பது தமிழகத்தில் நெடுங்கால வழக்கமாகும். வாக்கிய முறையில் சந்திரனின் இருப்பிடம் 248 நாள் சுழற்சிக்கு உரிய 248 வாக்கியங்களில் சொல்வடிவில் பொதியப்பட்டுள்ளது. 1825இல் சென்னை மாகாணப் படை அலுவலர் ஜான் வாரன், புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்துச் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்ததைப் பதிவு செய்தார். கணிப்பின் பிழை கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடங்களாகவும், நடுவில் 23 நிமிடங்களாகவும், முடிவில் 41 நிமிடங்களாகவும் இருந்தது. அறிவியல் வரலாற்றாசிரியர் ஆட்டோ நியூகபவர் 1952இல் இம்முறையை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்.

பெருங்கணினிகள்

1957 அக்டோபர் 4 அன்று இசுப்புட்னிக் 1 ஏவப்பட்டது. அமெரிக்காவின் சிமித்சோனியன் வானியற்பியல் ஆய்வகம் ஐபிஎம் 704 கணினியின் உதவியுடன் அதன் பாதையைக் கணித்தது. மூன்வாட்ச் என்னும் திட்டத்தின் கீழ்த் தன்னார்வலர்கள் செயற்கைக்கோள்களைத் தொலைநோக்கிகளால் நோக்கித் தகவல் அனுப்பினர். துல்லியமான ஒளிப்படங்களுக்காக உலகின் 12 இடங்களில் பேக்கர்-நன் ஒளிப்படக்கருவிகள் நிறுவப்பட்டன. அவற்றுள் ஒன்று இந்தியாவின் நைனிதாலில் இருந்தது. இவ்வாறு கிடைத்த அளவீடுகள் அடுத்த கணிப்புக்கான தரவாயின.

இருவரித் தரவும் எஸ்ஜிபி4 முறையும்

அமெரிக்க வான்பாதுகாப்பு அமைப்பு ஒவ்வொரு செயற்கைக்கோளின் பாதையையும் இரண்டு வரிகளில் சுருக்கித் தந்தது. துளை அட்டைக் காலத்தைச் சேர்ந்த இவ்வடிவில் ஒவ்வொரு வரியும் 69 எழுத்துருக்கள் கொண்டது. இத்தரவைக் கையாளும் எஸ்ஜிபி4 முறையின் போர்ட்ரான் நிரல், 1980இல் பெலிக்சு ஊட்சு, ரொனால்டு ரோரிச் ஆகியோரின் அறிக்கையில் வெளியானது. பாதையை நொடி நொடியாகத் தொடராமல், விரும்பிய நேரத்துக்கான இருப்பிடத்தைச் சூத்திரங்களால் நேரடியாகத் தருவதால், இம்முறை சிறிய கணினிகளிலும் இயங்கியது.

தனிமேசைக் கணினிகள்

பீட்டர் டஃபெட்-சிமித் 1979இல் கணிப்பான்களுக்கான வானியல் நூலொன்றை வெளியிட்டார். சான் மேயசின் வானியல் படிமுறைகள் நூல் 1991இல் வந்தது. இவை ஆர்வலர்கள் தாமே நிரல் எழுத வழிவகுத்தன. அலைவாங்கியை எத்திசையில் திருப்புவது என்பதை அறிய வேண்டியிருந்த அமெச்சூர் வானொலியாளர்களும் பல நிரல்களை உருவாக்கினர். சேம்சு மில்லர் 1990இல் வெளியிட்ட பேசிக் மொழி நிரலான பிளான்-13, சான் மக்லியகேன் 1991இல் தொடங்கிய பிரடிக்ட் ஆகியவை இவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

இந்தியாவில் 2005 மே 5 அன்று ஏவப்பட்ட ஆம்சாட், அமெச்சூர் வானொலிக்கெனவே அமைந்த செயற்கைக்கோளாகும். அது 2014 வரை செயல்பட்டது. 2009 ஏப்ரல் 20 அன்று ஏவப்பட்ட அனுசாட் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் உருவானது. இது இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோளாகும்.

வரம்புகள்

இருவரித் தரவின் பிழை தொடக்கத்தில் ஒரு கிலோமீட்டர் அளவில் இருந்து, நாள்தோறும் சில கிலோமீட்டர் வளரக்கூடும். தாழ்ந்த சுற்றுப்பாதையில் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் மேல் செல்வதால், ஒரு நிமிடப் பிழை என்பது சுமார் 460 கிலோமீட்டர் விலகலாகும். சூரியனின் செயற்பாடு மிகும்போது மேல் வளிமண்டலம் விரிவடைந்து உராய்வு கூடும். இதை முன்கூட்டியே அறிவது கடினம். இதனாலேயே இசுக்கைலேப் விண்வெளி நிலையம் எதிர்பார்த்ததைவிட முன்னதாக, 1979 சூலை 11 அன்று புவியில் விழுந்தது. அதன் சிதைவுகள் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆத்திரேலியாவிலும் விழுந்தன. எனவே, எளிய நிரலும் புதிய தரவும் கொண்டு பெறும் முன்கணிப்பு, சிறந்த நிரலில் பல வாரப் பழைய தரவை இட்டுப் பெறுவதைவிடப் பெரும்பாலும் நம்பத்தக்கதாகும்.