மூன்று நாள் லீவு, ஒரு மலைப்பாதை: ஊட்டிப் பயணத்தின் கணக்கு

2026-ல் காந்தி ஜெயந்தி வெள்ளிக்கிழமை வருகிறது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று சேர்ந்தாற்போல் மூன்று நாள். காலண்டரில் இப்படி ஒன்று கண்ணில் பட்டதும் நம்ம ஊரில் முதலில் வரும் யோசனை, "ஊட்டி போயிட்டு வரலாமா?" என்பதுதான். அடுத்த கேள்வி, "அங்க என்னென்ன பார்க்கலாம்?" அதற்குப் பட்டியல்கள் எங்கும் கிடைக்கின்றன. பத்து இடம், பதினைந்து இடம், கூடவே போட்டோ எடுக்க எந்த இடம் என்பது வரைக்கும்.

இந்தக் குறிப்பில் பட்டியல் இல்லை. மூன்று நாள் ஊட்டிப் பயணம் நல்லா அமையுமா இல்லையா என்பதை முடிவு செய்வது மலையேறும் ரோடுதான் என்று நான் நினைக்கிறேன். அந்த ரோட்டால் ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டியைத் தாங்க முடியும் என்பதற்கு ஒரு எல்லை இருக்கு. எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே திசையில் ஏறும்போது அந்த எல்லை தாண்டிப் போயிடும். ஆகவே எந்த இடம் என்று யோசிப்பதற்கு முன்னால், எந்த நேரம், எந்த வழி, எந்த வண்டி என்று யோசிக்க வேண்டும்.

மூன்று நாளில் உண்மையில் எத்தனை மணி நேரம்?

சென்னையிலிருந்து ரயிலில் கிளம்பும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வியாழன் இரவு 9 மணி வாக்கில் சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ். வெள்ளி காலை ஆறேகால் வாக்கில் மேட்டுப்பாளையம். அங்கே 7:10-க்கு மலை ரயில். நண்பகலில் ஊட்டி. திரும்பும்போது ஞாயிறு பிற்பகல் 2 மணிக்கு மலை ரயிலில் ஏறினால் மாலை ஐந்தரை வாக்கில் மேட்டுப்பாளையம். இரவு மறுபடி நீலகிரி எக்ஸ்பிரஸ், திங்கள் விடிந்தால் சென்னை.

வெள்ளி மதியம் 12 முதல் ஞாயிறு மதியம் 2 வரை மொத்தம் 50 மணி நேரம். இதில் வெளிச்சம் இருக்கும் நேரம் வெள்ளி 6, சனி 12, ஞாயிறு 8, ஆக 26. குளியல், சாப்பாடு, குழந்தைகள் சிணுங்கல், பெரியவர்கள் ஓய்வு இதெல்லாம் கழித்தால் கையில் நிற்பது சுமார் 18 மணி நேரம். ஒரு ரோட்டு நெரிசலில் 4 மணி நேரம் போனால், பயணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காரின் பின் சீட்டிலேயே கழிந்துவிடும்.

சொந்தக் காரில் போனால்? சென்னையிலிருந்து ஊட்டி ஏறத்தாழ 550 கிலோமீட்டர். வியாழன் இரவே கிளம்பினால், ராத்திரி முழுக்கத் தூங்காத ஒருவர் விடியற்காலையில் மலைப்பாதையில் ஸ்டியரிங் பிடிப்பார். வெள்ளி விடியற்காலை கிளம்பினால், மற்ற எல்லாரும் அடிவாரத்துக்கு வந்து சேரும் அதே மாலை நேரத்தில் நீங்களும் வந்து நிற்பீர்கள். கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ ஒரு இரவு தங்கி, காலை 6 மணிக்கு மலையேறுவது இந்த இரண்டையும் விட நல்ல வழி.

மலைப்பாதை ஏன் இப்படி அடைத்துக்கொள்கிறது?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். குன்னூர் வரையிலான ஏற்றத்தில் 14 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளி ரோட்டில் ஒரு பஸ் திரும்பினால் பின்னால் வருகிறவர் லேசாக ஒதுங்கிப் போய்விடலாம். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸோ லாரியோ திரும்பும்போது ரோட்டின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். எதிரே இறங்கி வரும் வண்டி நின்றே ஆகவேண்டும். இரண்டு வண்டி சேர்ந்து போக இடமில்லாத மலைப்பாதையில் இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்ட விதியும்கூட. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது கஷ்டம் என்பதுதான் அதற்குக் காரணம்.

ஒருவர் பொறுமையிழந்து வரிசையை விட்டு வலப்பக்கம் ஏறினால் போதும். எதிரே வரும் பஸ் வளைவில் திரும்ப முடியாமல் நிற்கும். அதற்குப் பின்னால் இருப்பவை எல்லாம் நிற்கும். ஒரு வளைவில் ஏற்பட்ட பத்து நிமிஷத் தடங்கல் கீழே நாலாவது வளைவில் அரை மணி நேரம் ஆகிவிடுகிறது.

இதன் அளவு புரிய ஒரு சின்னக் கணக்கு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்தது. 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம், ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்று ஒரு நாளைக்கான வரம்பையும் வைத்தது. ஒரு கார் சுமார் 4 மீட்டர், இடைவெளி 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 8,000 வண்டிகள் வரிசையாக நிற்க 48 கிலோமீட்டர் வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரைக்கும் ரோடு நிறைந்துவிடும்! வண்டிகள் பல சோதனைச்சாவடிகள் வழியாக, நாள் முழுக்கப் பரவித்தான் வருகின்றன. அதனால்தான் ரோடு ஓடுகிறது. ஆனால் உள்ளூர் வண்டிகளும் பஸ்களும் இந்தக் கணக்கில் இல்லை.

அதே ரோட்டில்தான் குன்னூர்க்காரரும் ஊட்டிக்காரரும் கோவை மருத்துவமனைகளுக்குப் போகிறார்கள். காய்கறி லாரி, ஆம்புலன்ஸ், பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் எல்லாருக்கும் இருப்பது இதுவும் கோத்தகிரிப் பாதையும்தான். நமக்கு நெரிசல் என்றால் ஒரு மதியம் வீணாகும். அவர்களுக்கு அதைவிடப் பெரிய விஷயம் போகலாம். இ-பாஸைத் தொல்லை என்று அலுத்துக்கொள்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்.

மலை ரயில், அரசு பஸ்

இ-பாஸ் வாங்க வேண்டியது சுற்றுலா வண்டிகளுக்குத்தான். அரசு பஸ்ஸிலோ ரயிலிலோ போகிறவருக்குத் தேவையில்லை. மூன்று நாள் பயணத்துக்கு இவை இரண்டும் கார் அளவுக்கு நல்லவை, சில சமயம் அதைவிட நல்லவை.

மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் தூரத்தில், 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,200 மீட்டருக்கு ஏறுகிறது. 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் வந்த பாதை. 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை சில இடங்களில் 12 மீட்டர் போவதற்குள் 1 மீட்டர் ஏறவேண்டும். வழுவழுப்பான இரும்புச் சக்கரம் அந்தச் சரிவில் வழுக்கும். அதற்காகத் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இன்னொரு தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். எஞ்சினின் பல்சக்கரம் அதில் கவ்விக் கவ்வி ஏறும். எஞ்சின் முன்னால் இழுக்காது, கீழ்ப்பக்கம் இருந்து பெட்டிகளைத் தள்ளும். பெட்டி கழன்றாலும் உருண்டு ஓடாமல் எஞ்சின் தாங்கிக்கொள்ளும் என்பதால் இந்த ஏற்பாடு. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஏற ஏறத்தாழ 5 மணி நேரம், இறங்க மூன்றரை. பஸ் இதைவிட வேகம்தான். ஆனால் நெரிசல் நாளில் ரயிலுக்கு வழிவிட யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. சிக்கல் டிக்கெட்டில் இருக்கு. மொத்தமே சில சின்னப் பெட்டிகள். முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்னால் திறக்கிறது. அக்டோபர் 1 வியாழன் இரவு ரயிலுக்கு ஆகஸ்ட் 2, அக்டோபர் 2 மலை ரயிலுக்கு ஆகஸ்ட் 3. இந்த இரண்டு காலைகளில் போனும் கையுமாக உட்கார்ந்தால்தான் உண்டு.

கிடைக்கவில்லை என்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து அரசு பஸ்ஸில் ஏறிவிட்டு, ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையே ஓடும் ரயில்களில் ஒன்றைப் பிடியுங்கள். 19 கிலோமீட்டர்தான். லவ்டேல், கேத்தி வழியாகத் தேயிலைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

எந்த லீவுக்கு எந்தப் பக்கம்?

நீலகிரிக்கு இரண்டு மழை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி என்று மேற்குப் பக்கத்தை நனைக்கும். அக்டோபர் பிற்பகுதியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி என்று கிழக்குப் பக்கத்தை நனைக்கும். நாம் ஏறுகிற ரோடும் மலை ரயில் பாதையும் அந்தக் கிழக்குச் சரிவில்தான் இருக்கின்றன. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நவம்பர், டிசம்பரில் மண் சரிந்து மலை ரயில் நிறுத்தப்படுவது அடிக்கடி வரும் செய்தி.

ஆகவே காந்தி ஜெயந்தி லீவு நல்ல தேர்வு. ஒரு மழை அடங்கி மற்றது தொடங்காத இடைவெளி, இரண்டாவது சீசன். தீபாவளியை ஒட்டிய லீவு என்றால் நான் தயங்குவேன். போனாலும், திரும்பும் நாளில் அரை நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்வேன்.

குளிருக்கும் கணக்கு இருக்கு. ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சுமார் ஆறரை டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் 1,900 மீட்டர் வித்தியாசம், அதாவது 12 டிகிரி. கீழே சட்டை நனைந்திருந்தால் மேலே நடுங்குவீர்கள். ஸ்வெட்டர் பெட்டியின் அடியில் இருக்கக் கூடாது.

இறங்கும்போது

காரில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். 1,500 கிலோ எடையுள்ள கார் 1,900 மீட்டர் கீழே இறங்கும்போது அதன் நிலையாற்றல் எங்காவது போய்த்தான் ஆகவேண்டும். முழுக்க பிரேக்கிலேயே போனால், சுமார் 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. பாதி வழியில் கருகிய வாடை வருவதும், பிரேக் பிடிக்காமல் போவதும் இதனால்தான். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் உருட்டிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் யோசனை மலையில் வேண்டாம்.

சீசன் நாட்களில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதை அறிவிப்பார்கள். தங்கும் இடத்தை முடிவு செய்யும்போதே இதை நினைவில் வையுங்கள். மைசூர் பக்கம் போகிறவர்கள், பந்திப்பூர் காட்டுப் பாதை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த 18 மணி நேரத்தை எப்படிச் செலவிடலாம்?

என் திட்டம் இப்படி இருக்கும். வெள்ளி மதியம் சாப்பிட்டு, ஓய்வெடுத்து, மாலை நடந்தே ஊரைச் சுற்றுவது. ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்டு, ஏரி எல்லாம் பக்கத்தில் பக்கத்தில்தான். சனிக்கிழமை ஊட்டியில் கூட்டம் உச்சத்தில் இருக்கும். அன்றைக்கு ரயிலேறி குன்னூர் போய், 1874-ல் தொடங்கிய சிம்ஸ் பூங்காவில் மதியம் வரை இருந்துவிட்டு மாலை திரும்புவது. ஞாயிறு காலை, 1848-ல் உருவான தாவரவியல் பூங்காவுக்குத் திறந்தவுடனே போவது. பனி விலகும் அந்த இரண்டு மணி நேரத்தில் கூட்டமே இருக்காது. பத்தரைக்கு அறைக்குத் திரும்பி, பெட்டி கட்டி, ரயிலுக்குப் போக நேரம் சரியாக இருக்கும்.

தொட்டபெட்டா, பைக்காரா, முதுமலை மூன்றையும் இதில் சேர்க்கவில்லை. 2,637 மீட்டர் தொட்டபெட்டா ஊட்டியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர்தான். ஆனால் லீவு நாளில் அந்தக் குறுகிய ரோட்டில் ஏறி, பார்க்கிங் தேடி, இறங்கி வர அரை நாள் போகலாம். கட்டாயம் வேண்டுமென்றால் சனிக்கிழமை குன்னூரை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு ஒரு திசை என்பதுதான் விதி.

கடைசியாக, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரியில் தடை. சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டிலிருந்தே ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 2, 3 தேதிகளில் டிக்கெட் கிடைக்கவில்லை, இ-பாஸும் தீர்ந்துவிட்டது என்றால், அடுத்த வாரம் செவ்வாய், புதனில் இரண்டு நாள் லீவு போட முடியுமா என்று பாருங்கள். அறை வாடகையும் குறையும், ரோடும் காலியாக இருக்கும்.